ஆர்எக்ஸ்-8: டர்போ இல்லாத ரோட்டரி எஞ்சினில் எவ்வளவு சக்தி கூட்டலாம்?

கேள்வி: பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருக்கிறேன், 231 குதிரைத்திறன், ஆறு கியர் மாடல். டர்போ பொருத்த விருப்பமில்லை. ஏர் ஃபில்டர், சைலன்சர், இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மூன்றையும் மாற்றினால் 40 குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். தினமும் ஓட்டும் காருக்கு எது உண்மையில் பயன்படும்?

பதில்: அந்த மூன்றையும் மாற்றி 40 குதிரைத்திறன் பெற இயலாது. உங்கள் எஞ்சினின் கொள்ளளவு 1308 சிசி என்று எழுதப்பட்டிருந்தாலும், ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு ரோட்டர்களும் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோணப் பாகங்கள்) ஒவ்வொரு முறை எரிபொருளை எரிப்பதால், அது உள்ளிழுக்கும் காற்று 2.6 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குச் சமமானது. அதை நிமிடத்துக்கு 9000 சுற்றுகள் வரை ஓடவிட்டு, அதிலிருந்து தொழிற்சாலையே 231 குதிரைத்திறனை எடுத்துவிட்டது. மேலும், இந்த ரெனிசிஸ் எஞ்சினில் புகை வெளியேறும் துளைகள் பக்கச் சுவர்களில் இருக்கின்றன. நடுச்சுவரில் உள்ள துளையை இரண்டு ரோட்டர்களும் பகிர்ந்துகொள்கின்றன. அந்த நெருக்கடியை வெளியே பொருத்தும் எந்தக் குழாயும் நீக்காது.

ஆகவே புதிய பாகங்களுக்குச் செலவிடும் முன், இருந்த 231 இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வயதுடைய கார்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால், எஞ்சின் சூடாக இருக்கும்போது கம்ப்ரஷன் சோதனை (உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்ற சோதனை) செய்யச் சொல்லுங்கள். சாதாரண பிஸ்டன் கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் மிக உயர்ந்த அளவை மட்டுமே காட்டும் என்பதால், பழுதான முகம் அதில் மறைந்துவிடும். 250 சுற்று வேகத்தில் 830 கிலோபாஸ்கல் என்பது மாஸ்டா குறிக்கும் இயல்பான அளவு, 680 என்பது கீழ் வரம்பு. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150க்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. வரம்புக்குக் கீழே இருக்கும் எஞ்சினுக்கு வேறு எதை வாங்கினாலும் அது வீண் செலவே.

அடுத்து, பிளக்குகளில் தீப்பொறி எழ மின்சாரம் தரும் நான்கு இக்னிஷன் காயில்கள். இவை மெல்ல மெல்ல வலுவிழப்பதால் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. ஆனால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) போய் எரிந்து அதை உருக்கி அடைத்துவிடுகிறது, அந்த அடைப்பால் தேங்கும் வெப்பம் மீண்டும் எஞ்சினின் சீல்களை (ரோட்டரின் ஓரங்களில் காற்றுக் கசிவைத் தடுக்கும் பட்டைகள்) தின்கிறது. இந்த எஞ்சின்களின் ஆயுள் குறைவதற்குக் காயில்களைக் காலத்தில் மாற்றாத அலட்சியம் ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன். காயில்கள், பிளக்குகள், அவற்றின் வயர்கள் ஆகியவற்றை ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

சுமார் 6250 சுற்றுகளில் கூடுதல் உள்ளிழுப்புத் துளைகளைத் திறக்கும் வால்வுகளையும் சோதியுங்கள். கரி படிந்து அவை இறுகிக்கொண்டால், காரின் சிறப்பே ஆன, உயர்ந்த சுற்றுகளில் வரும் அந்த வேகம் முழுதும் காணாமற்போகும். பல உரிமையாளர்கள் அதை எஞ்சினின் பலவீனம் என்று தவறாக எண்ணிச் சைலன்சர் வாங்குகிறார்கள்.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் வருகிறேன். கம்பெனியின் காற்றுப் பெட்டி முன்புறத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது. திறந்த கூம்பு ஃபில்டர் போட்டால் சத்தம் கூடும், சூடான காற்று உள்ளே போகும். காற்றளவு சென்சார் இருக்கும் குழாயின் விட்டம் மாறினால் சென்சாரின் கணக்கு பிசகி, பெட்ரோல் குறைந்து, எஞ்சின் தட்டி (எரிபொருள் நேரம் தவறி வெடித்து), ரோட்டரின் முனை சீல் உடையக்கூடும். பின்பகுதிச் சைலன்சர் எடையையும் ஒலியையும் மாற்றும், சக்தியை அற்பமாகவே கூட்டும். கன்வர்ட்டரை அகற்றினால் சற்றுக் கூடுதல் கிடைக்கும் என்றாலும், உங்கள் நாட்டின் ஆண்டுச் சோதனையில் கார் தேறாது. தேர்ந்தவர் ஒருவர் டைனோவில் (சக்தியை அளக்கும் கருவி) வைத்து இசியூவைச் சீரமைத்தால் பத்துக் குதிரைத்திறனை ஒட்டி எதிர்பார்க்கலாம். மூன்றில் பணம் கொடுக்கத் தகுந்தது இது ஒன்றுதான்.

காற்றும் புகையும் செல்லும் துளைகளை அகலப்படுத்துவது எஞ்சினைப் பிரிக்கும்போது மட்டுமே செய்யத்தக்கது. அப்போதும் சீல் துளைக்குள் விழாத எல்லைக்குள் மிதமாகவே செய்ய வேண்டும். 1991ஆம் ஆண்டு லெ மான்ஸில் வென்ற மாஸ்டா 787பி, நான்கு ரோட்டர்களைக் கொண்டு டர்போ இல்லாமலே 700 குதிரைத்திறன் தந்தது உண்மை. ஆனால் அது வெளிச்சுவரில் துளையிட்ட பந்தய எஞ்சின். அவ்வகைத் துளை கொண்ட எஞ்சின் குறைந்த சுற்றுகளில் சீராக ஓடாது, புகைச் சோதனையிலும் தேறாது.

தெருவில் உணரக்கூடிய மாற்றம் வேண்டுமானால், பின் அச்சில் உள்ள 4.44 விகிதப் பல்சக்கரத்தை 4.77க்கு மாற்றுவதையே பரிந்துரைப்பேன். எல்லாக் கியர்களிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை ஏழு சதவீதத்துக்கு மேல் கூடும். கீழ்ச்சுற்றுகளில் இந்த எஞ்சினுக்கு இருக்கும் குறையை அது நேரடியாகத் தொடுகிறது. பதிலுக்கு மோட்டார்வேயில் எஞ்சின் அதே அளவு கூடுதலாகச் சுழலும், பெட்ரோலும் சற்று அதிகம் செலவாகும். பல்சக்கரங்களின் இடைவெளியைத் துல்லியமாக அமைக்கத் தெரிந்த பட்டறையிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள்; பேரிங்குகளையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். இடைவெளி பிசகினால் பின் அச்சு ஊளையிடும், பற்களும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.