தனி மியூசிக் பிளேயரை இணைக்க எந்த மாதிரிக் கார் ஸ்டீரியோ வாங்கலாம்?

பாட்டுத் தொகுப்பு முழுவதும் ஒரு சிறிய பிளேயரில் இருக்கிறது, அதைக் காரில் கேட்க எதைப் பார்த்து ஸ்டீரியோ வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டீரியோவைப் பார்க்கும் முன் கையில் இருக்கும் பிளேயரைப் பாருங்கள். அது எந்த வழியாகப் பாட்டை வெளியே தருகிறதோ, அந்த வழி நன்றாக அமைந்த ஸ்டீரியோதான் உங்களுக்கு வேண்டியது. பெரிய திரையும் பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கும் பிறகுதான். ‘50 வாட் x 4’ என்பது உச்ச அளவு. தொடர்ந்து கிடைப்பது பெரும்பாலும் 20 வாட்டை ஒட்டியே இருக்கும்.

என் முதல் தேர்வு யூஎஸ்பி. பாட்டுக் கோப்பை ஸ்டீரியோவே படித்து ஒலியாக்கும், பிளேயரும் சார்ஜ் ஆகும். ஆனால் பல ஸ்டீரியோக்கள் பென்டிரைவ் போலத் தெரியும் கருவியை மட்டுமே படிக்கும். ஆண்ட்ராய்டில் இயங்கும் பிளேயர்கள் பொதுவாக எம்டிபி என்ற வேறொரு கோப்புப் பரிமாற்ற முறையில் இணைவதால், பல ஸ்டீரியோக்களில் சார்ஜ் ஏறுமே தவிர பாட்டு வராது. ஐபாட் வைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அதன் தயாரிப்பு 2022இல் நின்றுவிட்டது. ‘ஐபாட் இணையும்’ என்று எழுதியிருந்தாலும் கையேட்டில் உங்கள் மாடலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்புகள் இருந்தால், அவற்றை ஸ்டீரியோ படிக்குமா என்றும் விசாரியுங்கள்.

யூஎஸ்பி ஒத்துவராவிட்டால், 3.5 மி.மீ. ஆக்ஸ் துளை உள்ள ஸ்டீரியோ போதும். ஹெட்ஃபோன் துளை உள்ள எந்தப் பிளேயரும் அதில் பாடும் என்பதால், இந்தத் துளை இல்லாத ஸ்டீரியோவை நான் வாங்க மாட்டேன். பிளேயரின் ஒலியளவை முக்கால் பங்கில் நிறுத்திவிட்டு, மீதியை ஸ்டீரியோவில் கூட்டிக் குறையுங்கள். முழுதாக வைத்தால் சில பிளேயர்களில் ஒலி கரகரக்கும். மிகக் குறைத்தால் ஸ்டீரியோவைக் கூட்டும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும். பிளேயரைக் காரிலேயே சார்ஜ் செய்துகொண்டு ஆக்ஸில் கேட்டால், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ‘ங்ங்ங்’ என்று ஒரு ஊளை ஏறி இறங்கலாம். சார்ஜர் கம்பி, ஒலிக் கம்பி இரண்டின் வழியாகவும் எர்த் இணைந்து ஒரு சுற்று உருவாவதுதான் காரணம். சார்ஜரைப் பிடுங்கியதும் ஊளை நின்றால் சந்தேகமே வேண்டாம். ஆக்ஸ் கம்பியின் நடுவே அந்தச் சுற்றை முறிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரை மாட்டினால் சரியாகிவிடும்.

புளூடூத் வசதியானது. ஏஏசி, எல்டிஏசி போன்ற ஒலிச் சுருக்க முறைகள் இரு பக்கமும் இருந்தால்தான் பயன்படும். இல்லையென்றால் எஸ்பிசி என்ற அடிப்படை முறையில் ஓடும். ஓடும் காரின் இரைச்சலில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பாட்டை ரேடியோ அலையாக அனுப்பி ஸ்டீரியோவின் ரேடியோவில் கேட்க வைக்கும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வேண்டாம். புது ஸ்டீரியோவே வாங்கும்போது அது எதற்கு?

வாங்கும் முன் உங்கள் பிளேயரையும் கேபிளையும் எடுத்துச் சென்று மாட்டிப் பாருங்கள். ஆல்பம் வாரியாகத் தேட முடிகிறதா, நிறுத்திய இடத்திலிருந்து பாட்டு தொடர்கிறதா, தமிழ்ப் பெயர்கள் எழுத்தாகத் தெரிகின்றனவா, வெறும் கட்டங்களாகவா என்று கவனியுங்கள். டாஷ்போர்டில் இருக்கும் இடம் 180 x 50 மி.மீ. என்றால் சிங்கிள் டின் அளவு ஸ்டீரியோ, 180 x 100 என்றால் டபுள் டின் அளவு.

பொருத்திய பிறகு, சாவியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் அமைப்புகள் அழிந்துபோனால், மஞ்சள், சிவப்புக் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சளுக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும்.