சிங்கப்பூர்ச் சூட்டில் முதல் பீர்: கேள்வி பதில்

வீட்டில் முதன்முறை 10 லிட்டர் பீர் போடுகிறவர்களுக்கான பகுதி இது. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் சர்க்கரைச் சாறு) முறை மட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர், சொந்தக் குடிக்காக, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் நொதிக்க வைக்கலாம். விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்கவே கூடாது.

செங்காங்: அண்ணே, எனக்கு ஒன்றும் தெரியாது. என்ன வாங்கணும், எப்படிச் செய்யணும்னு முழுசா சொல்லுங்க.

வெளிர் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 1.2 கிலோ, உடைத்த கிரிஸ்டல் மால்ட் 150 கிராம், காஸ்கேட் வகை ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) 30 கிராம், வாஸ் க்வைக் உலர் ஈஸ்ட் 5 கிராம், கொஞ்சம் ஈஸ்ட் நியூட்ரியண்ட். சாமான்கள்: 8 லிட்டர் பானை, ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பான்) பொருத்திய 15 லிட்டர் வாளி, தெர்மோமீட்டர், கழுவாமல் விடக்கூடிய சானிடைசர், ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவை). கடைசிப் பொருளை விட்டுவிட்டு வாங்க நினைத்தால் மற்றதையும் வாங்க வேண்டாம்.

5 லிட்டர் தண்ணீரை 68 டிகிரிக்குக் கொண்டுவந்து, கிரிஸ்டல் மால்ட்டைத் துணிப்பையில் கட்டி 20 நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் பாதி எக்ஸ்ட்ராக்டைக் கரையுங்கள். தீ எரியும்போது கொட்டினால் அடியில் பிடித்துக் கருகும், அந்தத் தீய்ந்த வாடை கடைசிவரை போகாது. கொதி வந்ததும் 15 கிராம் ஹாப்ஸ். அப்போது நுரை பொங்கி வழியும், பக்கத்திலேயே நில்லுங்கள். 50 நிமிடம் கழித்து மறுபடி அடுப்பை அணைத்து மீதி எக்ஸ்ட்ராக்டைக் கரைத்து, மீதி 15 கிராம் ஹாப்ஸையும் நியூட்ரியண்ட்டையும் போட்டு இன்னும் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

பிறகு மூடிய பானையைத் தொட்டியில் ஐஸ் தண்ணீருக்குள் வையுங்கள். ஆறியதும் வாளியில் ஊற்றி, முன்பே கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரால் 10 லிட்டராக்குங்கள். இந்தக் கட்டத்தில் மட்டும் உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றலாம், ஈஸ்ட்டுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். 35 டிகிரிக்குக் கீழே வந்ததும் ஈஸ்ட். ஹைட்ரோமீட்டரில் (வெறும் தண்ணீர் 1.000) தொடக்க அளவு 1.045 அருகில் இருக்கும், முடியும்போது 1.011 அருகில். ஆல்கஹால் சுமார் நாலரை சதவீதம்.

கொதி முடிந்தபின் வோர்ட்டை, அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் கரைசலைத் தொடும் கரண்டி, மூடி, குழாய் எல்லாம் முதலில் கழுவி, அப்புறம் சானிடைசரில் நனைய வேண்டும். அழுக்கின் மேல் சானிடைசர் வேலை செய்யாது.

தெம்பனிஸ்: குழாய்த் தண்ணீர் போதாதா?

போதும், ஆனால் கிருமி நீக்க அதில் கலக்கும் குளோரமைன் கொதிக்கவைத்தாலும் எளிதில் போகாது. அது மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால், அதாவது டெட்டால் நெடி. டெட்டாலில் இருப்பதும் அந்தக் குடும்பத்துப் பொருள்தான். காம்ப்டன் என்னும் சல்ஃபைட் மாத்திரையில் எட்டில் ஒரு பங்கைப் பொடித்து 10 லிட்டர் தண்ணீரில் கலந்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

தேக்கா: மளிகைக் கடை பார்லியிலேயே செய்யலாமா?

ஆகாது. அது தோலும் முளையும் தீட்டி எடுத்த பார்லி, முளைக்காது. கேழ்வரகை முளைகட்டிக் காயவைப்பது போல முழுப் பார்லியை முளைகட்டி உலர்த்தியதுதான் மால்ட். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அந்த முளைப்பில்தான் உருவாகின்றன.

ஈசூன்: இரண்டு நாளாகியும் ஏர்லாக்கில் குமிழி இல்லை. ஈஸ்ட் செத்துவிட்டதா?

வாளி மூடி சரியாக இறுகாவிட்டால் வாயு அந்தப் பக்கமாகப் போய்விடும். மூடியைத் திறந்து பாருங்கள்: நுரையோ, சுவரில் பழுப்புக் கறையோ இருந்தால் வேலை நடக்கிறது. உறுதியாகச் சொல்ல ஹைட்ரோமீட்டர் ஒன்றுதான்.

உட்லண்ட்ஸ்: எல்லாரும் க்வைக் க்வைக் என்கிறீர்கள். அதில் ஆரஞ்சுத் தோல் வாடை வரும். யுஎஸ்-05 ஈஸ்ட் போட்டு ஐஸ் பாட்டில் வைத்தால் சுத்தமான பீர் கிடைக்குமே?

கிடைக்கும், ஒழுங்காகச் செய்தால். யுஎஸ்-05க்கு உற்பத்தியாளர் சொல்லும் எல்லை 18 முதல் 26 டிகிரி. நம் வீட்டுக்குள் 29, 30. நொதித்தல் தானும் வெப்பம் தருவதால் வாளிக்குள் இன்னும் மூன்று நாலு டிகிரி கூடும். அங்கே அந்த ஈஸ்ட் ஃப்யூசல் எனும் கனமான ஆல்கஹால்களைத் தள்ளும். காரமான, கரைப்பான் போன்ற நெடி. வாஸ் க்வைக் நார்வேயின் பண்ணை வீடுகளிலிருந்து வந்த ஈஸ்ட், 25 முதல் 40 டிகிரி வரை அதற்குச் சௌகரியம். நம் சூடு அதற்குச் சொந்த ஊர் மாதிரி.

தெம்பனிஸ்: உட்லண்ட்ஸ்காரர் சொல்வது சரி. ஈரத் துண்டு சுற்றி ஃபேன் போட்டாலே குளிருமே, எதற்குப் புது ஈஸ்ட்?

ஈரத் துண்டு வறண்ட ஊர் வித்தை. இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது, தண்ணீர் எளிதில் ஆவியாகாது, ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்காது. வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஒன்றரை லிட்டர் ஐஸ் பாட்டில் இரண்டைக் காலையும் மாலையும் மாற்றினால் 23, 24க்கு வரும். முதல் மூன்று நாள் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, வாடைகள் பெரும்பாலும் அப்போதுதான் உருவாகின்றன.

உட்லண்ட்ஸ்: அப்போ க்வைக் என்பது சோம்பேறி வழி என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

இல்லை, அதில் எனக்குச் சம்மதமே இல்லை. முதல் தடவை போடுகிறவர் சுத்தம், கொதி, அளவு, பாட்டில் என நாலு காரியத்தைக் கற்கிறார். ஐந்தாவதாக இரவும் பகலும் ஐஸ் காவலை ஏற்றினால் எங்கே தப்பு வந்தது என்றே அவருக்குத் தெரியாது. ஆரஞ்சு வாடை உண்மை, ஆனால் காஸ்கேடின் சாத்துக்குடி மணத்தோடு அது சண்டை போடாது. ஸ்டவுட், கோதுமை பீருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இரண்டாவது பீரை உங்கள் முறையில் போடட்டும். ஆனால் க்வைக்குக்கு நியூட்ரியண்ட் போடாமல் இருக்காதீர்கள். பட்டினியில் பாதியில் நிற்பது அதன் குணம்.

செங்காங்: என் ஏர்லாக்கில் மூன்றாம் நாளே குமிழி நின்றுவிட்டது. பாட்டிலில் அடைக்கலாமா?

குமிழி நிற்பது முடிந்ததற்கு அடையாளம் இல்லை. க்வைக் மூன்று நாளில் முடித்திருக்கலாம், 1.018இல் தூங்கியும் இருக்கலாம். பத்தாம் நாள் அளந்து, இரண்டு நாள் விட்டு மறுபடி அளந்து, எண் மாறாவிட்டால் மட்டும் அடையுங்கள். ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு செய்தது. 30 டிகிரி மாதிரியில் 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும், கூட்டிக்கொள்ளுங்கள். மாதிரியில் வாயு இருந்தால் மிதவையை அது தூக்கும், கலக்கி வெளியேற்றிவிட்டு அளங்கள்.

புங்கோல்: ஏர்லாக் குமிழி வரவில்லை, என்ன செய்ய?

மேலே ஈசூனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பிடோக்: மெத்தனால் உண்டாகிக் கண் போய்விடுமா? கள்ளக்குறிச்சிச் செய்தி பார்த்துப் பயமாக இருக்கிறது.

2024 ஜூனில் அங்கே உயிர்களைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனால் முக்கியமாகப் பழங்களின் பெக்டினிலிருந்து வரும். மால்ட் பீரில் உருவாகும் அளவு தீங்கு செய்யாது.

மதுரை: இங்கே செய்யலாமா சார்?

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உரிமமில்லாத தயாரிப்பைக் குற்றமாக்குகிறது. வேண்டாம்.

கிளமெண்டி: பாட்டிலுக்குச் சர்க்கரை எவ்வளவு?

10 லிட்டருக்கு 60 கிராம் வெள்ளைச் சர்க்கரை. 200 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியே சலசலப்பின்றி இறக்குங்கள். இப்போது காற்று கலந்தால் அட்டைப்பெட்டி வாடை வரும். கழுத்தில் மூன்று செ.மீ. விட்டு மூடி, இருட்டில் பத்து நாள், பிறகு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். பழுப்பு நிறப் பாட்டில் மட்டும்.

புங்கோல்: ஏர்லாக்கில் குமிழி திரும்ப வந்து...

ஹைட்ரோமீட்டர். ஏர்லாக் அளவுகோல் இல்லை.

ஜூரோங்: ஆறு நாள் முன்பு பாட்டிலில் அடைத்துவிட்டேன். இப்போது ஒன்றைத் திறந்தால் பாதி நுரையாகப் போய்விட்டது. வாயுவைக் கலக்கி எடுத்து அளந்தேன், 1.016.

மற்ற பதில்களை விட்டுவிட்டு இதை முதலில் செய்யுங்கள். 1.011 வரை இன்னும் ஐந்து புள்ளி (0.005) இறங்க இடமிருக்கிறது, ஒரு புள்ளிக்குப் பீரின் கன அளவில் சுமார் அரை மடங்கு கார்பன் டை ஆக்ஸைடு. சர்க்கரையோடு சேர்த்து நாலரை மடங்கைத் தாண்டும். சாதாரண பீர் பாட்டில் மூன்று மடங்கைத் தாண்டினாலே ஆபத்து. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை போடுங்கள். பாட்டில்களைத் தடித்த துண்டால் மூடி, குலுக்காமல், குழந்தைகள் இல்லாத நேரம் பார்த்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். குளிர்ந்தால் அழுத்தம் குறையும், ஈஸ்ட்டும் அடங்கும். மறுநாள் துண்டை எடுக்காமல், தொட்டிக்குள் வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டிவிடுங்கள். மறுபடி மூடிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.