சரத்தை எண்ணாக மாற்ற முடியாதபோது 0 என்று எடுத்துக்கொள்ளலாமா?

நீங்கள் இரண்டு விஷயங்கள் கேட்டிருக்கிறீர்கள். பைதன் நிரல் மொழியில், பயனர் தட்டும் எழுத்துச் சரத்தை மிதவைப் புள்ளி எண்ணாக, அதாவது தசமப் புள்ளியோடு வரும் எண்ணாக, மாற்றுவது எப்படி என்பது ஒன்று. மாற்ற முடியாவிட்டால் நிரல் நின்றுவிடாமல் 0 என்று எடுத்துக்கொள்ளச் செய்வது எப்படி என்பது மற்றது. முதலாவதற்கு ஒரு வரி போதும்: ஃபுளோட் என்ற செயற்கூற்றுக்குள் சரத்தைக் கொடுங்கள், எண் கிடைத்துவிடும். இரண்டாவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது, மாற்ற முடியாத சரத்துக்கு வரும் வேல்யூ எரர் என்ற பிழைச் செய்தி திரையில் வந்துகொண்டே இருக்கிறது, அதை எப்படியாவது வாயடைக்க வேண்டும் என்ற நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி இருந்தவள்தான்.

நான் கிளிநொச்சிப் பக்கம். படிப்பு முடிந்த கையோடு கிடைத்த முதல் வேலை, ஒரு தனியார் நெல் கொள்வனவு நிலையத்துக்குக் கணக்கு நிரல் எழுதுவது. காலபோக அறுவடை நேரம். ஒருவர் தராசைப் பார்த்துத் துண்டு எழுதிக் கொடுப்பார், இன்னொருவர் அதைக் கணினியில் தட்டுவார். வாரக் கடைசியில் நிரல் கூட்டிச் சொல்லும் நிறைக்குத்தான் கமக்காரருக்குக் காசு. நான் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில், சரத்தை எண்ணாக்கும் பார்ஸ்ஃபுளோட் என்ற செயற்கூற்றை வைத்து எழுதியிருந்தேன். அது சரத்தை இடப்பக்கமிருந்து படித்துக்கொண்டு போகும். எண்ணுக்குப் பொருந்தாத எழுத்து வந்ததும் நின்றுகொண்டு, அதுவரை படித்ததைத் தந்துவிடும். ‘66.5 கிலோ’ என்று தட்டினால் 66.5 வரும். அது எனக்குப் பெரிய வசதியாகத் தெரிந்தது. எதுவுமே தேறாவிட்டால் 0 என்றும் எழுதி வைத்தேன், நீங்கள் கேட்பது போலவே.

முதல் வாரம் ஒன்றும் பிசகவில்லை. இரண்டாம் வாரம் தட்டுவதற்குப் புதிதாக ஒருவர் வந்தார். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணைக் காற்புள்ளி இடாமல் எழுதமாட்டார். அந்த வாரம் ஒரு ஐயா உழவு இயந்திரப் பெட்டியில் மூன்று முறை நெல் கொண்டுவந்திருந்தார்: 840, 1,120, 965 கிலோ. பார்ஸ்ஃபுளோட் காற்புள்ளியில் நின்றுவிட்டது. 1,120 வெறும் 1 ஆனது. 2,925 கிலோவுக்குப் பதிலாகத் திரையில் 1,806. கிலோ 120 ரூபா வீதம் அவர் இழக்கவிருந்தது 134,280 ரூபா.

அவர் சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தார். அடையாள அட்டைக்குப் பின்னால், நான்காக மடித்த மூன்று துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாக விரித்து, விரலால் நீவி, மேசையில் வைத்தார். “பிள்ளை, என்னிடம் துண்டு இருக்கிறது” என்றார். அவ்வளவுதான். 2009இல் போரின் கடைசியில் வீடு வாசலை விட்டு நடந்தவர்கள் பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றி உடம்போடு வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் போகவில்லை. அன்று என் பிழையைப் பிடித்ததும் அதுதான். இரவிரவாகத் துண்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டபோது இன்னும் நான்கு பேருக்கு இதே கதி. அவர்களில் ஒருவர், கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குறைந்த காசை வாங்கிக்கொண்டு போயே விட்டார். மறுநாள் காலை அவர் வீட்டுக்கு நானே போனேன்.

ஜாவாஸ்கிரிப்டைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பார்ஸ்ஃபுளோட் தன் விதிப்படிதான் நடந்தது, விதியைப் படிக்காதது நான். அங்கேயே நம்பர் என்ற செயற்கூறு ‘1,120’ஐ ஏற்காமல் ‘எண் அல்ல’ என்று சொல்லிவிடும். ஆனால் வெற்றுச் சரத்தை அது 0 ஆக்கும் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். சி மொழியின் ஏடோஎஃப் என்ற செயற்கூறு எண்ணே இல்லாத சரத்துக்கும் 0 தரும், உண்மையான 0 எது, பிழை எது என்று பிரிக்க வழியில்லை. அதனால்தான், படிப்பு எந்த இடத்தில் நின்றது என்று காட்டும் எஸ்டிஆர்டோடி என்ற இன்னொரு செயற்கூறு அங்கே இருக்கிறது.

பைதனின் ஃபுளோட் இவற்றைவிடக் கண்டிப்பானது. முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும், காற்புள்ளியைப் பொறுக்காது. நீங்கள் எரிச்சலோடு பார்க்கும் அந்த வேல்யூ எரர்தான் என் நிரலில் இல்லாமல் போனது. அதைப் பிடித்து, எந்த வரியில் எந்தச் சரம் என்று பயனருக்குக் காட்டி, திரும்பத் தட்டச் சொல்லுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ‘nan’ (எண் அல்ல), ‘inf’ (முடிவிலி) என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஃபுளோட் அவற்றையும் ஏற்கும். மாற்றிய பிறகு, இவை இரண்டும் அல்லாத எண்தானா என்று மேத் நூலகத்தின் இஸ்ஃபைனைட் கொண்டு சோதியுங்கள். தமிழ் இலக்கங்களையும் ஃபுளோட் ஏற்கும். ‘௧௨.௫’ என்று கொடுத்தால் 12.5 வரும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

காற்புள்ளிகளை எல்லாம் நீக்கிவிட்டு மாற்றினால் போதுமே என்று யாராவது கீழே எழுதுவார்கள். எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பிரான்சிலிருந்து சித்தப்பா அனுப்பிய நிதிக் கணக்கில் ‘12,50’ என்று இருந்தது. அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. நீக்கியிருந்தால் பன்னிரண்டரை யூரோ 1250 ஆகியிருக்கும். கோப்பு எந்த நாட்டு வழக்கில் எழுதப்பட்டது என்று தெரியாமல் காற்புள்ளியைத் தொடாதீர்கள்.

காசுக் கணக்கென்றால் ஃபுளோட்டே வேண்டாம், தசம எண்ணைத் தசமமாகவே வைத்திருக்கும் டெசிமல் என்ற வகை பைதனில் உண்டு, சரத்தை நேரடியாக அதற்குக் கொடுங்கள். ஃபுளோட் எண்ணை 0, 1 மட்டும் உள்ள இரும முறையில் வைத்துக்கொள்ளும். 0.1ஐ அதில் முழுமையாக எழுத முடியாது, 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். நிறைக்கு அது பெரிதில்லை, சதக் கணக்கில் ஒருநாள் இடிக்கும்.

இனிச் சொல்வது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்கிறேன். அந்த நிலையத்தில் காற்புள்ளிப் பிழையை ஒரே நாளில் திருத்திவிட்டேன். ஈரப்பதம் என்று சொல்லி மூடைக்கு இரண்டு கிலோ கழிப்பதைத் திருத்த முடியவில்லை. ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி இருக்கிறது. அதை எடுக்காமல், நாலு நெல்லைப் பல்லால் கடித்துப் பார்த்து “ஈரம்” என்று சொல்லிவிடுகிறார்கள். காய வைக்கத் தளம் இல்லாமல் வீதியோரம் நெல்லைப் பரப்பிவிட்டு, மழை இருட்டியதும் படங்கோடு ஓடுகிறவர்களுக்கு இது பெரிய அநியாயம். நிரலில் இந்தக் கழிவுக்கும் ஒரு கட்டம் போடச் சொன்னார்கள். போட்டேன். ஆனால் கழித்த அளவு துண்டிலும் தனியாக அச்சாகும்படி செய்தேன்.

உங்கள் சரங்கள் பயனர் தட்டுபவையா, வேறு கோப்பிலிருந்து வருபவையா என்று எழுதுங்கள். மாறாமல் அடம்பிடிக்கும் நாலைந்து வரிகளை அப்படியே கீழே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.