கைக்குழந்தையுடன் வசந்தகாலத் தோட்டம்: எதை விதைப்பது, எதை விட்டுவிடுவது?

வாசகி ஒருவரின் கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களில் கட்டப்பட்ட வீடொன்றில் வசிக்கிறோம். மகளுக்கு மூன்றரை வயது, மகனுக்கு ஒன்பது மாதம். கடந்த ஆண்டு மகன் வயிற்றில் இருந்தபோது, மார்ச் மாதத்தில் பன்னிரண்டு வகை விதைகளை யன்னலோரம் முளைக்கவைத்தேன். நாற்றுகள் மெலிந்து நீண்டு சரிந்து, மே மாதத்துக்குள் அனேகமாக எல்லாமே அழிந்துவிட்டன. எனது விடுமுறை வரும் ஜூன் மாதத்தில் முடிகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இவ்வாண்டு பின்வளவில் காய்கறி பயிரிட முடியுமா? அவர்கள் வளரும்வரை விட்டுவிடுவதுதான் நல்லதா?

பதில்:

தோட்டத்தை விட்டுவிட வேண்டியதில்லை. வீட்டுக்குள் நாற்று வளர்க்கும் வேலையை மட்டும் இவ்வாண்டு விட்டுவிடுங்கள். வசந்தகாலத் தோட்டவேலை நாளுக்கு இவ்வளவு என்று சீராகப் பரவியிருப்பதில்லை. மார்ச் நடுவிலிருந்து மே நடுப்பகுதி வரை நாற்றுகளை ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டிய இரண்டு மாதங்களும், அதன் பின்னர் நடுகைக்குரிய இரண்டு வாரங்களும்தான் உண்மையில் கடினமானவை. அந்த இரண்டு மாதங்களை முற்றாக நீக்கிவிட்டால், எஞ்சியிருப்பது ஒரு நாளில் கால்மணி நேர வேலைதான்.

உங்கள் நாற்றுகள் சரிந்தது கவனக்குறைவால் அன்று. ரொறன்ரோவில் மார்ச் மாதத்து யன்னல் வெளிச்சம் தக்காளிக்கும் மிளகாய்க்கும் போதாது. ஒளியைத் தேடி அவை நீளுமே தவிரத் தண்டு தடிக்காது. நாற்றுகளுக்கு மேலே சில அங்குல உயரத்தில் விளக்கைத் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால்தான் அவை திடமாக வளரும். தவழத் தொடங்கும் குழந்தை உள்ள வீட்டில் மின்கம்பிகளும் ஈரமண் தட்டுகளும் கை எட்டும் உயரத்தில் இருப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும் மே மாதத்தில் நாற்றாகவே வாங்குங்கள். பாவற்காய் நாற்றுகளும் அந்த நாள்களில் தமிழ்க் கடைகள் சிலவற்றின் வாசலில் விற்பனைக்கு வரும். ஊர் விதையைத்தான் போடவேண்டும் என்ற ஆசை இருந்தால், பாவற்காய்க்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்: ஏப்ரல் கடைசியில் விதையின் முனையை நகவெட்டியால் சிறிது கிள்ளி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஈரக் கடதாசியில் சுற்றிச் சூடான இடத்தில் வைத்தால் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் முளைவிடும். நடுகைக்கு முன் மூன்று நான்கு வாரங்கள் மட்டுமே அது வீட்டுக்குள் இருக்கும்.

நேரடியாக மண்ணில் விதைக்கும் பயிர்களே இளம் தாய்மாருக்கு ஏற்றவை. ஏப்ரல் நடுப்பகுதியில், மண் கையில் ஒட்டிப் பிசுபிசுக்காமல் உதிரத் தொடங்கியவுடன், பட்டாணியை விதைக்கலாம். முளைத்த செடி இலேசான உறைபனியையும் தாங்கும். பட்டாணி விதை பெரியது என்பதால் உங்கள் மகளின் விரல்களுக்கு நன்றாகப் பிடிபடும். அவளுடைய விரலின் பாதியளவுக்குக் குழி, ஒரு குழிக்கு ஒரு விதை, பிறகு மண்ணை மூடித் தட்டுதல் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். வரிசை வளைந்துபோனாலும் பட்டாணிக்கு ஒன்றும் நேராது. முள்ளங்கியில் சிறிய சிவப்பு வகை 25 முதல் 30 நாள்களுக்குள் பிடுங்கக் கிடைக்கும். மூன்றரை வயதுப் பிள்ளையின் பொறுமை அவ்வளவு காலம்தான் நீடிக்கும். அவளுக்கென்று ஒரு சாடியை ஒதுக்கி, அதில் அவள் எத்தனை முறை தோண்டிப் பார்த்தாலும் தடுக்காமல் விடுங்கள்.

உங்கள் வீட்டின் வயதைக் குறிப்பிட்டது நல்லது. இந்தப் பதிலில் நான் மிகுந்த அக்கறையுடன் எழுதும் பகுதி அதைப் பற்றியதே. கனடாவில் 1960க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளிச்சுவரிலும் யன்னற் சட்டங்களிலும் உரிந்து விழுந்த பூச்சு சுவரடி மண்ணில் தங்கிவிடுகிறது. ஈயம் கலந்த பெற்றோல் 1990 இறுதியில்தான் இங்கு தடைசெய்யப்பட்டது என்பதால், போக்குவரத்து மிகுந்த வீதியோர மண்ணிலும் அதன் எச்சம் இருக்கலாம். ஈயம் மண்ணில் கரைந்து மறைந்துவிடுவதில்லை. கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் இருக்கும் குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிடக் கூடுதலான பங்கு ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். வளர்ந்துவரும் மூளையைத்தான் அது முதலில் பாதிக்கும். செடி உறிஞ்சும் ஈயத்தைவிட, கையிலும் கீரையிலும் கிழங்கிலும் ஒட்டிவரும் மண்ணிலிருந்தே ஆபத்து அதிகம். எனவே சுவரை ஒட்டி எதையும் நடவேண்டாம். தரைமண்ணைக் கொத்தாமல், அதன்மேல் துணி விரித்து, பலகையடித்த உயர்ந்த பாத்தி ஒன்றை அமைத்து, புதிய மண்ணும் கூட்டெருவும் நிரப்புங்கள். சுற்றியுள்ள வெற்றுத்தரையை மரத்தூள் அல்லது புல்லால் மூடிவிடுங்கள். செருப்பை வாசலில் கழற்றும் நம் வழக்கம் இதற்குப் பெரிய துணை. அதனுடன் உள்ளே வந்தவுடன் கை கழுவுவதையும் பழக்கிவிட்டால் போதும்.

பாத்தி நான்கடி அகலமும் ஆறடி நீளமும் ஓரடி உயரமும் இருக்கட்டும். நான்கடிக்கு மேல் அகலமானால் நடுப்பகுதிக்குக் கை எட்டாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்க முடியாது. இதை நிரப்பச் சுமார் 680 லீற்றர் மண் தேவை, அதாவது 30 லீற்றர்ப் பைகளில் இருபத்துமூன்று. பலகை அறுப்பதும் பை தூக்குவதும் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் உங்கள் கணவரோ உறவினரோ செய்யவேண்டிய வேலை; அதை இப்போதே நாள் குறித்துக் கேட்டுவிடுங்கள். 2004க்கு முந்தைய பதப்படுத்திய பழைய பலகைகளில் ஆர்செனிக் இருக்கலாம் என்பதால், இலவசமாகக் கிடைத்தாலும் அவற்றை ஏற்கவேண்டாம். பழைய ரயில்பாதைக் கட்டைகளையும் ஏற்கவேண்டாம். பசளையாகக் கடையில் பையிலடைத்து விற்கும் மக்கிய ஆட்டெருவைப் பயன்படுத்தலாம். பண்ணையிலிருந்து வரும் பச்சைச் சாணம் சிறுபிள்ளைகள் புழங்கும் பாத்திக்கு வேண்டாம்.

பாத்தியின் வடக்கு விளிம்பில் ஒரு பந்தல் நாட்டினால் மற்றச் செடிகளில் நிழல் விழாது. முதலில் அதில் பட்டாணி ஏறட்டும். ஜூன் தொடக்கத்தில் அதே பந்தலின் அடியில் பாவற்காய் நாற்று இரண்டை நட்டால், பட்டாணி காய்ந்து முடியும்போது பாவற்கொடி மேலே படரும். முன்பகுதியில் தக்காளி இரண்டு, கத்தரி இரண்டு, மிளகாய் மூன்று, எஞ்சிய மூலையில் தண்டுக்கீரை. பன்னிரண்டு வகைகளை வளர்த்தவருக்கு இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் செடிகளை நீங்கள் தினமும் ஒருமுறை சுற்றிவந்து பார்க்க முடியும்.

வாங்கிவந்த நாற்றை அன்றே நடக்கூடாது. கடையின் கூடாரத்தில் வளர்ந்த செடிக்கு வெளிக்காற்றும் வெயிலும் பழகவேண்டும்: முதல்நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரை. இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உள்ளே எடுக்கவேண்டும். பிள்ளைகளை இழுத்துச்செல்லும் சிறுவண்டியில் சாடிகளை அடுக்கிவிட்டால், காலையில் வெளியே தள்ளுவதையும் மாலையில் உள்ளே கொண்டுவருவதையும் மகளே தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வாள். தக்காளியை மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின வார இறுதியிலும், மிளகாய், கத்தரி, பாவற்காயை அதற்குப் பிந்திய ஒன்றிரண்டு வாரங்களிலும் நடலாம். வெண்டிக்காய், பயற்றங்காய், தண்டுக்கீரை ஆகியவற்றின் விதையை மண் நன்றாகச் சூடேறிய பிறகு ஜூன் மாதத்தில் நேரடியாகவே போடலாம்.

நேரத்தைப் பற்றி. ஒன்பது மாதக் குழந்தை பகலில் இருமுறை தூங்குவான். அவற்றில் ஒன்றின் முதல் கால்மணி நேரத்தை மட்டும் தோட்டத்துக்குக் கொடுங்கள். மற்றத் தூக்கத்தின்போது நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள். தூங்கும் குழந்தையின் குரல் கேட்கும் தூரத்திலேயே பாத்தி இருக்கவேண்டும், அல்லது ஒலிகாட்டும் கருவி உங்கள் பையில் இருக்கவேண்டும். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் புல்மேல் விரிப்பொன்று போட்டு, மரக்கரண்டியும் வெற்றுச் சாடியும் கொடுத்து அருகில் உட்காரவைக்கலாம். அப்போது கத்தரிக்கோல் வேலை வேண்டாம். களை பிடுங்குவது, தண்ணீர் விடுவது போன்று எந்த நொடியிலும் நிறுத்தக்கூடிய வேலைகளே பொருந்தும்.

தண்ணீர் வாளியை ஒருபோதும் நிரப்பி வைத்துவிட்டு நகரவேண்டாம். சில அங்குல நீரிலும் தவழும் குழந்தை மூழ்கிவிட முடியும். மழைநீர்ப் பீப்பாய்க்கு இறுக்கமான மூடி வேண்டும். தக்காளி, கத்தரி இலைகளைப் பிள்ளைகள் மெல்லக்கூடாது. பழுத்து வெடித்த பாவற்காயின் சிவந்த விதைகள் சிறுவர்களைக் கவரும். அவற்றைத் தின்றால் வயிறு கலங்கும் என்பதால் காயாகவே பறித்துவிடுங்கள். சிறிய தக்காளிகளை நான்காக நறுக்கியே கொடுக்கவேண்டும். ஸ்காபரோவின் கிழக்கிலுள்ள ரூஜ் பள்ளத்தாக்கை ஒட்டிய வளவானால், மாலையில் பிள்ளைகளின் உடலில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூன் மாதத்தில் நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது, தண்ணீர்தான் கேள்வியாக இருக்கும். இந்த அளவுப் பாத்திக்கு வாரத்துக்குச் சுமார் 55 லீற்றர் தேவை, மழை பெய்தால் அதில் குறையும். செடிகளின் அடியில் மூன்று அங்குலத்துக்கு வைக்கோல் பரப்பி, கசிவுக் குழாய் ஒன்றை வளைத்து வைத்துவிட்டால், வாரத்துக்கு இரண்டு மூன்று மாலைகளில் குழாயைத் திறந்துவிட்டுச் சமைக்கப் போகலாம்.

நடுகை வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நாற்றுகளைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். சற்றுப் பெரிய சாடிக்கு மாற்றி, வாசலில் வைத்துத் தண்ணீர் மட்டும் விட்டால், ஜூன் நடுப்பகுதி வரை அவை காத்திருக்கும். ரொறன்ரோவில் முதல் உறைபனி பொதுவாக ஒக்டோபரில்தான் வரும் என்பதால், ஜூன் 15இல் நட்ட பாவற்கொடியிலும் ஓகஸ்ட் கடைசியில் காய் பறிக்கலாம்.