கைத்துப்பாக்கித் தோட்டாக்கள்: விரும்பப்படுவதும் வெறுக்கப்படுவதும் (கேள்வி-பதில்)

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களுடையவை. கோவையிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது. சுடுதளத்தில் பொழுதுபோக்காகவும் விளையாட்டாகவும் சுடுவதை மட்டுமே கருத்தில் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். தோட்டாப் பெயர்களில் வரும் எண் குண்டின் ஏறத்தாழ விட்டம்; புள்ளியில் தொடங்குபவை அங்குலக் கணக்கு.

கேள்வி: எங்கள் நண்பர் குழுவில் ஏறத்தாழ எல்லோரும் 9 மி.மீ. பிஸ்டலையே விரும்புகிறார்கள். இது தற்கால மோகம்தானா? (வாசகர், டல்லாஸ்)

மோகம் என்று சொல்ல முடியாது. ஜார்ஜ் லூகர் 1902 வாக்கில் உருவாக்கிய 9x19 தோட்டா, நூறாண்டுகளுக்கு மேல் களத்தில் நின்று தன்னை நிரூபித்திருக்கிறது. நேட்டோ நாடுகளின் படைகளும் அமெரிக்கக் காவல் துறைகளில் பெரும்பகுதியும் இதையே பயன்படுத்துவதால் உற்பத்தி மிகுதி. ஆகவே விலையும் குறைவு. ஒரு ரவுண்டு, அதாவது ஒரு தோட்டா, ஏறத்தாழ கால் டாலருக்குக் கிடைக்கிறது; .45 ஏ.சி.பி.க்குக் (ஆட்டோமேடிக் கோல்ட் பிஸ்டல்) கிட்டத்தட்ட இரு மடங்கு கொடுக்க வேண்டும். பின்னுதைப்பு மிதமாக இருப்பதால் ஒரே அமர்வில் நூறு ரவுண்டு சுட்டாலும் கை சோர்வதில்லை. வார இறுதியில் சுடுபவருக்கு இவை போதுமான காரணங்கள்.

கேள்வி: .40 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸன்) என்றாலே சுடுதளத்தில் முகம் சுளிக்கிறார்களே, ஏன்? (வாசகர், நியூ ஜெர்சி)

அதன் பிறப்பிலேயே விடை இருக்கிறது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் இரண்டு முகவர்கள் உயிரிழந்த பின், அந்த அமைப்பு அதிக வலுவுள்ள தோட்டாவைத் தேடி 10 மி.மீ. ஆட்டோவைத் தேர்ந்தெடுத்தது. அது பலருடைய கைக்கு அடங்காததால் வலுவைக் குறைத்தார்கள். குறைத்த வலுவுக்கு வெடிமருந்தை அடக்கும் நீளமான கூடு தேவைப்படாததால் அதையும் குட்டையாக்க, 1990-இல் .40 பிறந்தது. 9 மி.மீ.க்கென்று வடிவமைத்த சட்டகத்திலேயே இதையும் பொருத்தியதுதான் சிக்கலின் வேர். அழுத்தம் 9 மி.மீ. அளவுக்கு உயர்ந்தது, குண்டோ கனமானது, துப்பாக்கியின் எடை மட்டும் அப்படியே. எனவே உதை சுருக்கென்று மணிக்கட்டில் இறங்குகிறது. .45 ஏ.சி.பி. மெதுவாகத் தள்ளும், இது வெடுக்கென்று அடிக்கும். பின்னர் எஃப்.பி.ஐ.யே 9 மி.மீ.க்குத் திரும்பியதும் இதன் மதிப்பு மேலும் சரிந்தது.

ஆனாலும் இதை அடியோடு ஒதுக்குவது நியாயமாகாது. அமெரிக்கச் சுடுபோட்டிச் சங்கமான யு.எஸ்.பி.எஸ்.ஏ. நடத்தும் போட்டிகளின் லிமிடெட் பிரிவில் 'மேஜர்' என்னும் உயர் மதிப்பெண் பெற 165 பவர் ஃபாக்டரும் (குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கிக் கணக்கிடும் அளவு) குறைந்தது .40 விட்டமும் வேண்டும் என்பதால், கனமான எஃகுப் பிஸ்டலில் இதைச் சுடுபவர்கள் பலர் உண்டு. அத்தகைய துப்பாக்கியில் சுட்டுப் பார்த்தால் உங்கள் கருத்து மாறக்கூடும்.

கேள்வி: என் .45-க்கு எந்தத் தோட்டா வாங்கலாம்? (வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

ஊரை மட்டுமல்ல, துப்பாக்கி எது என்பதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. .45 ஏ.சி.பி. வேறு, .45 கோல்ட் வேறு, .45 ஜி.ஏ.பி. வேறு, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. குழலின் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள், தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டுமே நிரப்புங்கள். இதை இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

கேள்வி: என் மைத்துனர் இந்தியாவிலிருந்து மூன்று வாரச் சுற்றுலாவாக வருகிறார். அவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. முதல் அனுபவமே மறக்க முடியாததாக இருக்கட்டும் என்று .500 மேக்னம் ரிவால்வரை வாடகைக்கு எடுத்துச் சுட வைத்துக் காணொளி எடுக்க எண்ணுகிறோம். யோசனை எப்படி? (வாசகர், ஹூஸ்டன்)

மிகவும் தவறான யோசனை. கடிதத்தை இரண்டு முறை படித்தும் அதில் ஏற்கத்தக்கதாக எதுவும் எனக்குத் தென்படவில்லை.

முதலில் சட்டம். குடியேற்றமல்லாத விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுப்பதையும் கைவசம் வைத்திருப்பதாகவே கொள்ளலாம். சுற்றுலா விசா மட்டுமல்ல, எச்-1பி விசாவும் இதில் அடங்கும். நம்மவர்களில் பலர் இதை அறியாமலே சுடுதளத்துக்குப் போய் வருகிறார்கள். விசாவையே பாதிக்கக்கூடிய இந்த விஷயத்தில் வழக்கறிஞரையும் சுடுதள நிர்வாகத்தையும் கேட்காமல் யாரையும் அழைத்துச் செல்லாதீர்கள்.

அடுத்து, துப்பாக்கி. 9 மி.மீ. குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 350 அடி-பவுண்டு; .44 மேக்னத்துக்கு 900, 2003-இல் வந்த .500 மேக்னத்துக்கு 2,500 வரை போகும். இரண்டு கிலோ எடையுள்ள அந்த ரிவால்வரை முதன்முறை பிடிப்பவர் சுட்டவுடன், குழல் நெற்றிக்கு நேராக எகிறும். நழுவிவிடும் என்ற பயத்தில் விரல்கள் தாமாக இறுகும். அந்த இறுக்கத்தில் ட்ரிகர் மீண்டும் அமுங்கி இரண்டாவது ரவுண்டும் வெடிக்கும். அப்போது குழல் எந்தத் திசையில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இப்படி விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. அனுபவசாலியே ஆனாலும், பழக்கமில்லாத பெரிய ரிவால்வரில் முதலில் ஒரே ஒரு ரவுண்டை மட்டும் இட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

விபத்து நேராவிட்டாலும் சேதம் நேர்கிறது. பெரிய துப்பாக்கியில் தொடங்கியவரை இலக்குத் தாளைப் பார்த்தே அடையாளம் காணலாம்: வலக்கைக்காரரானால் துளைகளெல்லாம் இடப்பக்கம் கீழே குவிந்திருக்கும். அவருடைய மேகசினில் அவருக்குத் தெரியாமல் வெடிமருந்தில்லாத இரண்டு போலித் தோட்டாக்களைக் கலந்து கொடுத்தால், வெடிக்காமல் 'க்ளிக்' என்று மட்டும் ஒலிக்கும் அந்த நொடியில் குழல் ஓர் அங்குலம் கீழே குத்துவதைக் கண்ணால் பார்க்கலாம். வெடிக்கும் முன்பே உடல் அஞ்சி முந்திக்கொள்கிறது. ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைக் களையச் சிலருக்கு ஓராண்டு கூடப் போதவில்லை. மனைவியின் கையில், மகளின் கையில், நண்பரின் கையில் இதைத் திணித்து, அவர் தடுமாறுவதைப் படம் பிடித்து மகிழ்பவர்கள் ஒருவரை இந்த விளையாட்டிலிருந்தே விரட்டிவிடுகிறார்கள் என்பதை உணர்வதில்லை. 'எனக்குத் துப்பாக்கியே பிடிக்காது' என்று என்னிடம் சொன்னவர்களை விசாரித்தால், பலருக்கும் முதல் அனுபவம் இதுவாகவே இருந்திருக்கிறது.

சட்டம் இடம் கொடுத்தால், .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) பிஸ்டலைக் கொடுங்கள். ஏழு கஜத்தில் பெரிய இலக்குத் தாளை வையுங்கள். முதல் பத்து ரவுண்டையும் ஒவ்வொன்றாக நிரப்பிச் சுடச் சொல்லுங்கள். துளைகள் நடுவில் விழத் தொடங்கும்போது அவர் முகத்தில் வரும் மகிழ்ச்சியைப் படமெடுங்கள்.

கேள்வி: .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் சுடலாமா? (வாசகர், அட்லாண்டா)

சுடலாம்; .38 ரிவால்வரில் .357 சுடவே கூடாது. .38-இன் கூடு குட்டையாக இருப்பதால் சிலிண்டரின் அறைகளில் கரிவளையம் படியும், அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மேக்னம் இடுங்கள்.

கேள்வி: என் .22 பிஸ்டலில் ஐம்பதுக்கு ஒன்றிரண்டு ரவுண்டு வெடிக்காமல் போகிறது. துப்பாக்கியில் பழுதா? (வாசகர், சிகாகோ)

பெரும்பாலும் தோட்டாவின் குறைதான். 1887 முதல் இன்றுவரை .22 எல்.ஆர். விளிம்புவெடித் தோட்டாவாகவே இருக்கிறது. அடிபட்டதும் தீப்பற்றும் ப்ரைமர் கலவை விளிம்பின் உட்புறம் முழுவதும் சீராகப் பரவியிருக்க வேண்டும்; மலிவான மொத்தப் பெட்டிகளில் சில இடம் வெறுமையாகிவிடும். வேறு இரண்டு மூன்று தயாரிப்புகளை வாங்கிப் பாருங்கள், .22 பிஸ்டல்கள் தமக்குப் பிடித்ததைத்தான் சீராகச் சுடும். வெடிக்காத ரவுண்டை உடனே வெளியே எடுக்காதீர்கள். குழலை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். இந்தச் சிறு தொல்லைக்காக .22-ஐக் கைவிட வேண்டாம். ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியும் இதில்தான் நடக்கிறது. 2012-இல் விஜய் குமார் லண்டனில் வெள்ளி வென்றதும் இத்தோட்டாவில்தான்.

கேள்வி: இந்தியாவில் சென்டர் ஃபயர் (ப்ரைமர் அடியின் நடுவில் உள்ள தோட்டா) போட்டிக்கு .32 சுடுகிறோம். என் நண்பரிடம் உள்ள .32 பிஸ்டல் தோட்டாவை ரிவால்வரில் பயன்படுத்தலாமா? (வாசகர், கோவை)

கூடாது. நம் நாட்டில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட வகையில் இருப்பதால் உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் .32-க்கே வருகிறார்கள், குழப்பமும் அங்கேயே தொடங்குகிறது. கான்பூர் தொழிற்சாலையின் ரிவால்வருக்கு உரியது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். இந்தியத் தயாரிப்பான அசானி பிஸ்டலுக்கு உரியது .32 ஏ.சி.பி. பின்னதன் அழுத்தம் அதிகம். சிலிண்டரில் நுழைகிறது என்பது சுடுவதற்கு அனுமதியாகாது. மேலே .45 வாசகருக்குச் சொன்ன பதிலையும் படித்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு உரியது .32 லாங் வாட்கட்டர், அதாவது தட்டை முனைக் குண்டுள்ள தோட்டா. தாளில் அச்சுக் குத்தியதுபோல் வட்டமான துளை விழுவதால் மதிப்பெண் எண்ணுவதில் தகராறு வராது.

கேள்வி: .380 சிறிய தோட்டாதானே, என் தோழியின் 9 மி.மீ.யைவிட என் .380 ஏன் கையை அதிகம் வலிக்கச் செய்கிறது? (வாசகி, ஃபீனிக்ஸ்)

நல்ல கேள்வி. உதையைத் தீர்மானிப்பது தோட்டா மட்டுமல்ல, துப்பாக்கியின் எடையும் இயக்கமும்கூட. பழைய வகை .380 பிஸ்டல்கள் பல, குழல் பூட்டில்லாத 'ப்ளோபேக்' முறையில் இயங்குவதால் அதிர்வு நேரடியாகக் கையில் இறங்கும். புதியவை பூட்டுள்ளவையாக இருந்தாலும் அரைக்கிலோகூட இல்லாதவை. முழு அளவு 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஐம்பது ரவுண்டு சுட்டுப் பார்த்த பின் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: தாத்தாவின் .25 ஏ.சி.பி. கிடைத்திருக்கிறது, பயிற்சிக்கு ஆகுமா? (வாசகர், டெட்ராய்ட்)

ஆகாது, தோட்டா 9 மி.மீ.யைவிட விலை அதிகம், குறிபார்க்க உதவும் முனையோ பெயரளவுக்கே இருக்கும். நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: .22 மட்டும் சுடுபவருக்கும் காதுக் காப்பு தேவையா? (வாசகர், சான் ஹோசே)

தேவை. .22 பிஸ்டலே 150 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். கூரையிட்ட தளத்தில் பக்கத்துத் தடத்தில் யார் மேக்னம் சுடுவார் என்பது உங்கள் கையில் இல்லை. காதின் உள்ளே செருகும் காதடைப்பான், மேலே மூடும் கவசம் இரண்டையும் அணியுங்கள், கண்ணாடியையும் மறக்காதீர்கள். தளத்தை விட்டு வெளியேறியதும், எதையும் உண்ணும் முன் ஈயத்தூள் போகக் குளிர்ந்த நீரில் சோப்பிட்டுக் கைகழுவுங்கள்.