ஸ்டேஷன் வைஃபையில் பேங்க் வேலை பார்க்கலாமா?

சென்ட்ரல் ஸ்டேஷன் இலவச வைஃபையில் யாராவது நடுவில் புகுந்து பாஸ்வேர்டைத் திருடிவிடுவார்களா, எப்படித் தப்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் பயன்படுத்தலாம். அந்தப் பயத்தில் பெரும்பகுதி பழசு. 2010-இல் ஃபயர்ஷீப் என்று ஒரு ஃபயர்பாக்ஸ் நீட்சி வந்தது. பாஸ்வேர்டு இல்லாத வைஃபையில், அதே இணைப்பில் இருக்கும் இன்னொருவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் அதை வைத்துச் சுலபமாக நுழைய முடிந்தது. அன்றைக்குப் பல தளங்கள் லாகினை மட்டும் மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே அனுப்பின. எல்லாவற்றையும் மறைத்து அனுப்ப ஒரு தளத்துக்குச் சான்றிதழ் வேண்டும்; 'இந்த முகவரி இந்தத் தளத்துடையதுதான்' என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி அது. 2015-இல் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2018-இல் குரோம், ஹெச்டிடிபிஎஸ் (இப்படி மறைத்து அனுப்பும் முறை) இல்லாத தளங்கள் எல்லாவற்றையும் 'பாதுகாப்பற்றது' என்று காட்ட ஆரம்பித்தது. இன்றைக்கு ஒட்டுக்கேட்பவனுக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். அங்கே என்ன தட்டுகிறீர்கள் என்பது தெரியாது.

ஆனால் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தால், 'பரவாயில்லை, தொடர்' என்று தட்டவே கூடாது. ஸ்டேஷன் வைஃபையில் மொபைல் நம்பரும் ஓடிபியும் போட்டு உள்ளே போவதற்கு முன்னால் வேறு தளத்தைத் திறந்தாலும் இந்த எச்சரிக்கை வருவதுண்டு. முதலில் அதை முடித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். ஏதாவது சான்றிதழையோ ஆப்பையோ நிறுவச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

சான்றிதழ் கொடுப்பவர்களே சறுக்கியதும் உண்டு. 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்தில் ஊடுருவி எடுத்த போலி கூகுள் சான்றிதழை வைத்து ஈரானியர்களை உளவு பார்த்தார்கள். 2014-இல் நம் மத்திய அரசின் கணினி அமைப்பான என்ஐசி வழியாகவே கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தன. கூகுள் கண்டுபிடித்து முடக்கியது. இப்படி முடக்குவது பெரும்பாலும் அப்டேட் வழியாகத்தான் நம் கைக்கு வரும். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். பல கம்பெனிகள் ஆபீஸ் லேப்டாப்பில் தங்கள் சொந்தச் சான்றிதழைப் போட்டு, போகிற வருகிறதைப் பிரித்துப் பார்க்கும். அந்த லேப்டாப்பில் பிரவுசர் எச்சரிக்காது. சொந்தக் கணக்குகளை உங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விபிஎன், அதாவது உங்கள் இணையப் போக்குவரத்தை மறைத்து வேறொரு கம்பெனி வழியாக அனுப்பும் சேவை? வைஃபைக்காரரை நம்புவதற்குப் பதிலாக விபிஎன் கம்பெனியை நம்புகிறீர்கள், அவ்வளவுதான். இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம்.

இன்று நடுவில் புகுகிறவனுக்கு வைஃபையே தேவையில்லை. 'கரண்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்' என்று எஸ்எம்எஸ் வருகிறதே, அந்த மாதிரி லிங்க் போதும். சில போலித் தளங்கள், நீங்கள் தட்டுகிற பாஸ்வேர்டையும் ஓடிபியையும் அந்த நொடியே உண்மையான தளத்துக்குக் கடத்திவிட்டு, லாகின் ஆன குக்கியை (நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று தளம் அடையாளம் காணும் சிறு கோப்பு) எடுத்துக்கொள்ளும். ஓடிபி இருந்தும் பிரயோஜனமில்லை. முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டு அடையாளமும் காப்பாற்றாது, போலித் தளமும் இலவசச் சான்றிதழ் வாங்கும். 2023-இல் குரோமே அந்தப் பூட்டை எடுத்துவிட்டது.

இதற்கு எனக்குத் தெரிந்து சரியான மருந்து பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனின் கைரேகை, முகம் அல்லது பின் வைத்து லாகின் செய்யும் முறை. அசல் முகவரியைத் தவிர வேறெங்கும் அது வேலை செய்யாது. ஜிமெயிலில் இன்றைக்கே போட்டுவிடலாம். பாஸ்கீ இல்லாத தளங்களுக்கு, பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர். வழக்கமாகத் தானாக நிரப்புகிற அது ஒரு பக்கத்தில் மட்டும் சும்மா இருந்தால், கையால் தட்டுவதற்கு முன் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

பணம் போய்விட்டால் பேங்குக்கும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் உடனே போன் செய்யுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கிறது.