78°12'30" என்பது 78.1230 இல்லை

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "பழைய குறிப்பு ஒன்றில் தோட்டத்தின் தீர்க்கரேகை 78°12'30" என்று இருக்கிறது. கூகுள் மேப்பில் 78.1230 என்று போட்டால் வேறு எங்கோ காட்டுகிறது. குறிப்பு தவறா? டிகிரியைக் கிலோமீட்டராக மாற்றுவது எப்படி? குச்சியின் நிழலை வைத்தே தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கலாம் என்கிறான் மகன். நடக்குமா?"

குறிப்பில் தவறில்லை. டிகிரிக்கு 60 நிமிடம், நிமிடத்துக்கு 60 விநாடி (இவை கோண அளவுகள், கடிகார நேரம் அல்ல). ஆகவே 12-ஐ 60-ஆல் வகுத்தால் 0.2, 30-ஐ 3600-ஆல் வகுத்தால் 0.0083. மொத்தம் 78.2083. நீங்கள் போட்ட எண் இதைவிட 0.0853 டிகிரி குறைவு. அதனால் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போய்விட்டீர்கள். அட்சரேகையையும் இதே மாதிரி மாற்றி, அதை முதலில் போட வேண்டும்.

அந்த ஒன்பது கிலோமீட்டர் எப்படி வந்தது? நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு 111.3 கி.மீ. துருவத்தை நோக்கிப் போகப் போகக் கோடுகள் நெருங்கும். எனவே அந்த 111.3-ஐ அட்சரேகையின் கொசைனால் (கால்குலேட்டரில் cos) பெருக்க வேண்டும். ஏற்காட்டின் அட்சரேகை ஏறக்குறைய 11.8 டிகிரி, கொசைன் 0.979, விடை 109 கி.மீ. அப்படியானால் ஒரு விநாடிக்கு 30 மீட்டர். முழு விநாடியில் எழுதிய குறிப்பு தோட்டத்துக்கு வழி காட்டும், வேலி போட உதவாது. போனும் அப்படித்தான், சில்வர் ஓக் நிழலில் இன்னும் தடுமாறும். எல்லைத் தகராறு என்றால் புலப்படத்தோடு சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

இனி மகன் சொன்னது. தாராளமாக நடக்கும், எனக்குப் பிடித்த கணக்கும் இதுதான். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, அதாவது டிகிரிக்குக் கடிகார நேரத்தில் 4 நிமிடம். நம் கடிகாரம் மிர்சாபூர் வழியாகப் போகும் 82.5 டிகிரிக் கோட்டை வைத்து ஓடுகிறது. அதற்கு மேற்கே இருக்கும் நமக்குச் சூரியன் தாமதமாகத்தான் உச்சிக்கு வரும்.

டிசம்பர் 25 வாக்கில், மேகம் இல்லாத நாளாகப் பாருங்கள். சமதரையில் ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டால் உச்சி வேளையில் நிழல் 70 செ.மீ. இருக்கும். ஆனால் நிழல் எப்போது மிகக் குட்டை என்று உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த நேரத்தில் நீளம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது. குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, நிழலின் நுனி காலையில் அதைத் தொடும் நேரத்தையும் பிற்பகலில் மறுபடி தொடும் நேரத்தையும் குறியுங்கள். 10:52, 1:42 என்று வந்தால் நடுநேரம் 12:17. அந்த 17 நிமிடத்தை 4-ஆல் வகுத்தால் 4.25, அதை 82.5-இல் கழித்தால் 78.25. தோட்டத்திலிருந்து நாலரை கிலோமீட்டர்தான் பிசகு. குச்சிக்கு இது போதாதா? ஆனால் நடுநேரம் ஒரு நிமிடம் தவறினால் 27 கி.மீ. தள்ளிப்போகும்.

ஏன் டிசம்பர் 25? பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டாலும் சூரியன் ஆண்டு முழுவதும் கடிகாரத்துக்கு முன்னும் பின்னுமாக ஓடும். அந்த வித்தியாசம் ஏறக்குறைய சுழியாவது ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 தேதிகளை ஒட்டித்தான். ஏப்ரலில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்பதால் நண்பகல் நிழல் விரலளவுதான் இருக்கும். மற்ற நாட்களில் செய்வதானால் பஞ்சாங்கம் போன்ற அட்டவணையில் திருத்தம் பார்த்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் தாமதம். அதைக் கழிக்காவிட்டால் உங்கள் காபித் தோட்டம் அரபிக்கடலில் இருப்பதாகக் கணக்கு வரும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும், அப்போது வங்கக்கடல்.